சத்த வைத்தியமும் ஒரு தப்பும்

உலகத்துக்கு மலைநாடு கொடுத்த கொடைகள் இரண்டு. ஒன்று தேயிலை. மற்றது சத்த வைத்தியம். முதலாவதை உலகம் காலையிலும் மாலையிலும் குடித்துத் தெம்படைகிறது. இரண்டாவதைப் பற்றி உலகம் இதுவரை கேள்விப்படவே இல்லை. குறை வைத்தியத்தில் இல்லை, உலகத்தின் காதில்தான் இருக்கிறது.

அந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்த மேதை கணேசமூர்த்தி, றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே கொக்குப்பாறைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்கள் அவரை "டாக்டர் ஐயா" என்றார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை "டிஸ்பென்சர்" என்றார். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கை இலட்சியம்.

காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, அட்டைக்கடி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே ரோஸ் நிறத் தண்ணீர் இருந்தது. போத்தலில் 'நன்றாகக் குலுக்கிக் கொடுக்கவும்' என்று எழுதி ஒட்டியிருப்பார். குணமானால் மருந்தின் பெருமை. குணமாகாவிட்டால் குலுக்கியது போதாது. வைத்திய ஞானம் தலைக்கேறும்போதெல்லாம் அவர் பேச்சுத் தமிழை விட்டுவிட்டு அச்சுத் தமிழுக்கு மாறிவிடுவார். அப்படி மாறினால் ஏதோ பெரிய வியாதி வந்திருக்கிறது என்று ஜனங்கள் பயந்து நடுங்குவார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தச் சுதந்திரம் கொழும்பிலிருந்து ரயிலேறி மேலே வந்தபோது, தோட்டத்து ஜனங்களின் ஓட்டை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டது. ஓட்டு இல்லாதவர்களுக்கு நல்ல வைத்தியமாவது கிடைக்கட்டும் என்று கடவுள் நினைத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரு மழைக்காலக் காலையில் பேச்சியம்மாவைக் கணேசமூர்த்தியிடம் அனுப்பிவைத்தார்.

பேச்சியம்மா கொழுந்து பறிப்பவள். புருஷன் செத்துப்போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியிருந்தது மனோரஞ்சிதம் என்ற ஆறு வயது மகளும், லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவும்தான். அன்றைக்கு மகள் தாயின் கம்பளிக்குள் தலையை நுழைத்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ளைக்கு?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

"தப்புங்கய்யா."

"என்ன தப்பு பண்ணிச்சு?"

"இது பண்ணலீங்க. எங்க அண்ணன்."

"ஒங்க அண்ணன் என்ன தப்பு பண்ணினான்?"

"அவரு பண்றதில்லீங்க. அடிக்கிறாரு."

"பச்சப் புள்ளையப் போட்டு அடிக்கிறானா? கூப்பிடு அவன!"

"ஐயோ, புள்ளைய இல்லீங்க. தப்பத்தாங்க அடிக்கிறாரு. பெரட்டுத் தப்பு."

அப்போதுதான் டாக்டர் ஐயாவுக்கு விளங்கியது. விடியற்காலையில் ஜனங்களை வேலைக்கு எழுப்புவதற்காக அடிக்கும் தோல்மேளம்தான் தப்பு. கொக்குப்பாறையில் அதை அடிப்பவன் மூக்கன், பேச்சியம்மாவின் கூடப்பிறந்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து மேட்டில் ஏறி நின்று அவன் தப்பைத் தட்டினால் அடுத்த மலை பதில் சொல்லும். அந்த மேடு பேச்சியம்மாவின் காம்பராச் சுவரை ஒட்டி இருந்தது. மற்றப் பிள்ளைகள் புரண்டு படுத்துவிடும். மனோரஞ்சிதத்துக்கு மட்டும் ஒவ்வொரு அடியும் மண்டைக்குள்ளே விழுந்தது. தப்பு நின்ற பிறகும் அவள் நெடுநேரம் அலறுவாள். ரயில் ஊதினால் காதைப் பொத்துவாள். தகரத்தில் மழை விழுந்தால் பலகைக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். மற்றபடி கெட்டிக்காரப் பிள்ளை.

"கொஞ்சம் பஞ்சு குடுத்தீங்கன்னா காதுல வச்சி வுட்டுருவேனுங்க" என்றாள் பேச்சியம்மா.

கணேசமூர்த்தி அச்சுத் தமிழுக்கு மாறினார்.

"பஞ்சு என்பது புண்ணுக்கு உரியது. காதில் புண் இருக்கிறதா?"

"இல்லீங்க."

"புண் வந்ததும் அழைத்து வா. பஞ்சு தருகிறேன்."

பேச்சியம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "ஒரு வார்த்த சொன்னா கோவிச்சுக்காதீங்கய்யா. அந்தத் தப்ப மேட்டுல நின்னு அடிக்காம மாட்டுப்பட்டிப் பக்கம் நின்னு அடிச்சா, ஜனங்களுக்கும் கேக்கும், புள்ளைக்கும் தொந்தரவு இருக்காதுங்க."

படிப்பில்லாதவர்கள் எதையும் சுலபமாக முடித்துவிடப் பார்ப்பார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம். கணேசமூர்த்தி கோபப்படவில்லை. பரிதாபமாகச் சிரித்தார்.

"அம்மா, பிள்ளைக்காகத் தப்பை மாற்றுவது சோம்பேறித்தனம். தப்புக்காகப் பிள்ளையை மாற்றுவதுதான் வைத்தியம்."

மேலும், அந்த மேட்டைவிட்டுத் தப்பை நகர்த்த முடியாது. பங்களா மலை உச்சியில் இருந்தது. மேட்டில் அடித்தால்தான் சத்தம் அங்கே ஏறும். தப்புச் சத்தம் மெல்லிதாகக் காதில் விழுந்ததும், தன்னுடைய ஜனங்கள் எழுந்துவிட்டார்கள் என்று துரை நிம்மதி அடைந்து, மறுபக்கம் திரும்பிப் படுத்து, தம்முடைய இரண்டாவது தூக்கத்தைத் தொடங்குவார். ஒரே தப்பு ஒரு மலையை எழுப்பி ஒரு மனிதரைத் தூங்கவைக்கிறதென்றால், அதைத் தொடுவதற்கு யாருக்கு மனது வரும்?

மூக்கனுக்கு வந்தது. மருமகள் படும் பாட்டைப் பார்க்கமுடியாமல், ஒருநாள் யாரிடமும் கேட்காமல் தப்பை மெதுவாகத் தட்டினான். லயம் எழுந்தது. பிள்ளை தூங்கியது. பங்களாவுக்குத்தான் கேட்கவில்லை. தப்புச் சத்தம் இல்லையென்றால் 'ஸ்ட்ரைக்'தான் என்று முடிவுகட்டிய துரை, இராத்திரி உடுப்போடும் துப்பாக்கியோடும் மலையிலிருந்து ஓடி வந்தார். பெரட்டுக்களத்தில் எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாகிவிட்டது. மூக்கன் தண்டனையாக ஒரு வாரத்துக்குக் கானு என்னும் வடிகால் வெட்டப் போனான். திரும்பி வந்தபிறகு முன்னைவிடப் பலமாக அடிக்க வேண்டும் என்று உத்தரவு.

பலமாக அடித்ததும் பிள்ளையும் பலமாக அலறியது. அந்த அலறல் மேட்டிலிருந்து ஏறி, பங்களா ஜன்னலுக்குள் புகுந்து, துரையின் இரண்டாவது தூக்கத்தைக் கெடுத்தது. துரை டிஸ்பென்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா டிஸ்பென்சர், அந்த சின்ன பொண்ணு ஏன் கத்துறான்? நான் தூங்க முடியாது. நீ சரி பண்ணு. இல்லே, கொழும்பு அனுப்பு. அங்கே பைத்தியம் பிள்ளே வைக்கிற வீடு இருக்குது."

செய்தி லயத்துக்கு வந்தபோது பேச்சியம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கொழும்பு என்றால் புருஷனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடம். போனவன் வரவில்லை. அவனுடைய கம்பளி மட்டும் ரயிலில் வந்தது. மகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணேசமூர்த்திக்கோ இது பொன்னான வாய்ப்பு. துரைசானி படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று டிஸ்பென்சரியில் கிடந்தது. அதில் ஒரு கட்டுரை. 'சத்தத்தைத் தாங்கமுடியாத குழந்தைகளைச் சத்தத்தாலேயே குணப்படுத்தலாம். அதற்கு முதலில்...' என்பதோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது. அடுத்த பக்கத்தில் அவர் ஏற்கெனவே பூச்சி மருந்து மடித்துக் கொடுத்துவிட்டார். மருந்து வாங்கிப்போன கிழவர் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டார். சாதாரண மனிதனாக இருந்தால் இதோடு சோர்ந்து போயிருப்பான். மேதைகளுக்கோ பாதிக் கட்டுரையே அதிகம்.

துரைசானிக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று. சுற்றுத் தோட்டத்துத் துரைசானிமாரெல்லாம் கூடும் தேநீர் விருந்தில் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு புண்ணியக் காரியத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ஒருத்தி லயத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தாள். இன்னொருத்தி லயத்து நாய்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். நம்முடைய துரைசானியின் கையில் ஒன்றும் இல்லை. "அடுத்த விருந்து என் முறை. அதற்குள் அந்தப் பிள்ளை குணமாக வேண்டும். தப்படிக்கும்போது அது சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்க்க வேண்டும். கத்தினால், மறுநாள் ரயிலில் அது கொழும்புக்குப் போகட்டும்" என்று கிளாக்கர் மூலம் சொல்லி அனுப்பினாள். 

கிளாக்கர் சிவசாமி தோட்டத்துப் பொருள்களுக்கெல்லாம் காவலாளி. கவ்வாத்துக் கத்தி முதல் மண்வெட்டிப் பிடிவரை, எது தோட்டத்துச் சொத்து, எது ஆளுடைய சொத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். தோட்டத்துச் சொத்தாயிருந்தால் உடனே வெள்ளைப் பெயின்டால் அதில் எழுதிவிடுவார். எழுத இடமில்லாத பொருள்களைப் பார்த்தால் அவருக்கு மனது கஷ்டப்படும்.

வைத்தியம் தொடங்கியது.

முதல் கட்டம் 'மெல்லிசைச் சிகிச்சை'. துரைசானி தன்னுடைய சாவி கொடுக்கும் கிராமபோனை அனுப்பினாள். ஒரே ஒரு ரெக்கோர்ட். துரையின் சொந்த நாட்டில், தோல்பைக்குள் குழல்களைச் செருகிச் சிப்பாய்கள் ஊதுகிற வாத்தியம். கணேசமூர்த்தி சாவி கொடுத்து ஊசியை வைத்தார். வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மனோரஞ்சிதம் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"மெல்லிசைன்னு சொன்னீங்களேய்யா" என்றாள் பேச்சியம்மா.

"அவர்கள் நாட்டில் இதுதான் மெல்லிசை" என்றார் கணேசமூர்த்தி. பங்களாவிலிருந்து வருகிற எதையும் அவர் சந்தேகிப்பதில்லை.

இரண்டாவது கட்டம் 'குலுக்கு முறை'. மருந்தைக் குலுக்கிக் கொடுக்கிறோம், சத்தமும் மருந்துதான், ஆகவே சத்தத்தையும் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. பழைய பால்மா டின்னில் கூழாங்கற்களைப் போட்டுப் பேச்சியம்மாவின் கையில் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம், பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில்.

"எவ்வளவு நேரங்க குலுக்குறது?"

"பிள்ளை அழும்வரை. அழுதால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்."

தாய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டின்னைக் குலுக்கினாள். குலுக்காவிட்டால் கொழும்பு. குலுக்கினால் பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையைப் பேச்சியம்மாவால் தாங்கமுடியவில்லை. நாலைந்து நாளில் மனோரஞ்சிதம் ரொட்டியைக் கண்டாலே காதைப் பொத்தத் தொடங்கினாள். சாப்பாட்டுக்கு முன் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

"புள்ள ஒண்ணுமே திங்க மாட்டேங்குதுங்கய்யா. எலும்பா போச்சு" என்று பேச்சியம்மா அழுதாள்.

கணேசமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "சத்தத்தாலேயே வயிறு நிறைகிறது! இந்தப் பலன் அந்தக் கட்டுரையிலேயே இல்லை." கூப்பன் அரிசியைக் குறைக்க வழி கிடைத்துவிட்டதென்று துரைக்குச் சொல்லலாமா என்றுகூட ஒருகணம் யோசித்தார். தோட்டத்தின்மேல் அவருக்கு அவ்வளவு விசுவாசம்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மா டின்னைத் தூக்கிக் கானுக்குள் எறிந்தாள். பிறகு புருஷன் வைத்துப் படுத்த தலையணையைப் பிரித்தாள். உள்ளே இலவம் பஞ்சு. ஒரு சிட்டிகை எடுத்துத் தேங்காயெண்ணெயில் நனைத்து, உருட்டி, மகளின் காதுகளில் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் மேட்டில் தப்பு முழங்கியது. மனோரஞ்சிதம் கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனாள். பங்களாவில் துரையும் தூங்கினார்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்புடாதீங்கண்ணே" என்றாள் பேச்சியம்மா.

"நான் ஏன் தாயி சொல்றேன்? இத்தன நாளும் எனக்குத்தான் அடிக்கக் கை வரல" என்று சொல்லிவிட்டு மூக்கன் மூக்கைச் சிந்தினான்.

அலறல் நின்றதும் கணேசமூர்த்தி குலுக்கு முறையின் வெற்றியை அறிவித்தார். கொக்குப்பாறை அதை ஏற்றுக்கொண்டது. உலகமும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

விருந்து நாளும் வந்தது. பெரட்டுக்களத்தில் வெள்ளை விரித்த மேசைகள், கேக், பிஸ்கட். சுற்றுத் தோட்டத்துத் துரைமாரும் துரைசானிமாரும் தொப்பிகளோடு வந்து இறங்கினார்கள். மரியாதைக்குரியவர்கள் தூரத்தில் உட்காரலாமா? கணேசமூர்த்தி நாற்காலிகளையெல்லாம் மேட்டை ஒட்டிப் போட்டிருந்தார். துரை, துரைசானி இருவருக்கும் தப்புக்கு நேர் எதிரே இடம். அவர்களில் யாரும் தப்பை அதுவரை பக்கத்தில் நின்று கேட்டதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். கம்பளிக்கு அடியில், மலை உச்சியில், தாலாட்டாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

லயத்து ஜனங்கள் சுற்றி நின்றார்கள். மனோரஞ்சிதம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைக் காதுமேல் இறக்கிப் பின்னி, மேலே ஒரு துண்டையும் சுற்றிவிட்டிருந்தாள் பேச்சியம்மா. மகள் கத்திவிடக் கூடாதே என்று அவள் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்தி எழுந்து பேசினார். இங்கிலீஷில் கொஞ்சம், அச்சுத் தமிழில் மிச்சம்.

"பெரியோர்களே! இந்த வியாதிக்கு ஒரே ஓர் அடையாளம். சத்தம் கேட்டதும் நோயாளி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வார். அப்படிப் பொத்துகிறவரைக் குணப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் கொழும்புக்கு அனுப்பிவிட வேண்டும். இப்போது பாருங்கள். மூக்கா, அடி! பலமாக!"

மூக்கன் தப்பைத் தோளில் மாட்டினான். ஒரு வாரம் கானு வெட்டிய கை அது. அடித்தான்.

முதல் அடியில் ஒரு துரையின் கோப்பை கீழே விழுந்தது. அடுத்த அடியில் தொப்பிகள் கலைந்தன. லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த துரைசானி மேசை விரிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். நாய்களுக்குப் பெயர் வைத்தவள் பெயர் தெரியாத ஒரு சத்தம் போட்டாள். நம்முடைய துரைசானி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அந்த அலறலைத் தாங்காமல் துரையும் பொத்திக்கொண்டார். எல்லாருக்கும் நடுவில் மனோரஞ்சிதம் ஒரு பிஸ்கட்டை ஓரம் ஓரமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். பல நாள் பசி.

தப்பு நின்றது. உண்மையான வைத்தியன் ஆளைப் பார்த்து வியாதியை மாற்றிச் சொல்லமாட்டான். கணேசமூர்த்தி துரையின் முன்னால் போய்ப் பணிவோடு குனிந்தார்.

"துரை மன்னிக்க வேண்டும். பிள்ளை குணமாகிவிட்டது. ஆனால் துரை அவர்களுக்கும் துரைசானி அவர்களுக்கும் வியாதி நன்றாகத் தெரிகிறது. பயப்பட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம்..."

"தப்பு!" என்று துரை கர்ஜித்தார். "பெரிய தப்பு! இது யார் தப்பு?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். துரைக்குத் தமிழில் 'தப்பு' என்றால் குற்றம் என்ற ஒரே அர்த்தம்தான் தெரியும். மேளத்தை அவர் 'டொம்டொம்' என்பார். தப்பு யாருடையது என்று துரை கேட்டால் லயத்து ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? மூக்கன் தோளில் கிடந்ததை ஒருதரம் பார்த்தான்.

"தொர தப்புதாங்க."

"இன்னா?"

"சத்தியமா தொர தப்புதாங்க. என்னுது இல்லீங்க. நான் சும்மா அடிக்கிறவன்."

துரையின் முகம் தக்காளி நிறமானது. சொத்து விவகாரம் என்றதும் சிவசாமி முன்னால் ஓடி வந்தார்.

"மூக்கன் சொல்றது சரிதான் துரை. இதுக்கு நான் சாட்சி. தோல் மட்டும்தான் அவன் போட்டது. மத்தபடி இந்தத் தப்பு ஆதியிலேருந்தே துரைமார் தப்பு. முந்தின துரை காலத்துத் தப்பு. கை மாறிக் கை மாறி இந்தத் துரைகிட்ட வந்திருக்கு."

"ஆமாங்க!" என்றது ஜனம் முழுவதும். யாரோ ஒருவன் உற்சாகத்தில் கையை உயர்த்தினான். "தப்பு யார் தப்பு?" "தொர தப்பு!" "யார் தப்பு?" "தொர தப்பு!" பேச்சியம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கொழுந்துக்கூடையோடு குனிந்தே பழகிய அந்தப் பெண் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்று கத்தினாள். 

துரை துப்பாக்கியைத் தேடினார். அது பங்களாவில் இருந்தது. சிவசாமி அவருடைய காதோரம் போய், இது 'டொம்டொம்' பற்றிய பேச்சு, ஜனங்கள் தோட்டத்துச் சொத்தை மரியாதையாக ஒப்புக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று இங்கிலீஷில் விளக்கினார். துரைக்கு மூச்சு வந்தது. சொத்து என்றால் சரி.

"அப்போ எழுதி வை! நாளைக்கு யாரும் இல்லே சொல்லக் கூடாது!"

சிவசாமிக்கு இதைவிட இனிப்பான உத்தரவு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அங்கேயே பெயின்ட் டின்னைத் திறந்து, தப்பின் வட்டமான முகத்தில், தடித்த வெள்ளை எழுத்தில் எழுதினார்: 'இந்தத் தப்பு நிர்வாகத்தினுடையது.' தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் வரிசையில் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கூட்டி வந்தார்கள்.

துரைசானி காது ரீங்காரத்தோடு பங்களாவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு ஓர் ஆணை அனுப்பினாள். அந்தப் பயங்கரத்தை இனிமேல் மனிதர் இருக்கும் இடத்தில் அடிக்கக் கூடாது. மேட்டைப் பார்த்தாலே தனக்கு மயக்கம் வருகிறது. துரைக்கோ அது கேட்காமல் தூக்கம் வராது. மேடும் கூடாது, சத்தமும் வேண்டும். ஆகவே பங்களாவின் பின்புறக் கேட்டருகே, நாய்க்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக அடிக்கலாம் என்று முடிவாயிற்று. 

மறுநாள் விடியற்காலையில் மூக்கன் அங்கே போய் அடித்தான். மெதுவாகத்தான் அடித்தான். துரையின் நாய் கூண்டின் மூலையில் ஒடுங்கி ஊளையிட்டது. அன்றைக்குச் சோறு வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நிர்வாகம் எவ்வளவு வேகமாகச் செயல்படக்கூடியது என்பதை அப்போதுதான் கொக்குப்பாறை கண்டது. நாயைக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. டின்னைக் குலுக்கலாமா என்றும் கேட்கவில்லை. அன்று பகலே தப்பு நிறுத்தப்பட்டது. தூரத்தில், தொழிற்சாலைப் பக்கம், ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மணியாக அடிக்க ஏற்பாடு. நாயின் காதுக்குப் பஞ்சு கேட்டு ஆள் வந்தபோது, கணேசமூர்த்தி ஒரு சுருள் முழுவதையும் அவரே தூக்கிக்கொண்டு மலையேறினார். நாயின் காதில் புண் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. பெரிய இடத்துக் காதுகளில் புண் வந்த பிறகா பஞ்சு வைப்பது?

நாய் தேறியது. சத்த வைத்தியத்தின் வெற்றிக்காகத் துரை அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதில் 'டாக்டர்' என்று இல்லை. நோயாளியின் பெயரும் இல்லை. எது எப்படியானாலும் மனோரஞ்சிதம் கொழும்புக்குப் போகவில்லை. அதற்காக நாம் வைத்தியத்துக்கு நன்றி சொல்வதா, நாய்க்கு நன்றி சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தப்பை ஆபீஸ் சுவரில், எழுத்து வெளியே தெரியும்படி, சிவசாமி ஆணியடித்து மாட்டினார். ஆபீசுக்கு எதிரே டிஸ்பென்சரி.

மனோரஞ்சிதம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். வழியில் வாசிப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். தினமும் அங்கே நின்று, விரலை நீட்டி, வாசிப்பாள். "இந்தத்... தப்பு... நிர்வாகத்தி... னுடையது." கொழுந்துக்கூடையோடு போகும் பெண்கள் நின்று, "இன்னொருக்கா வாசி தாயி, காது குளிருது" என்பார்கள். அவள் இன்னும் கொஞ்சம் உரக்க வாசிப்பாள். சொந்தக் குரல் அவளுக்குத் தொந்தரவாக இல்லை.

ஒருநாள் அப்படி வாசித்துவிட்டுத் திரும்பினாள். டிஸ்பென்சரி ஜன்னலில் டாக்டர் ஐயா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்களையும் மூடியிருந்தார்.

அந்த வேதனை எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. சின்னப் பிள்ளைக்கு உடனே இரக்கம் வந்துவிட்டது. ஓடிப்போய், கவுன் பையிலிருந்து தலையணைப் பஞ்சை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தாங்க டாக்டர் ஐயா, பஞ்சு. ஒங்களுக்குப் புண்ணு எங்கங்க இருக்கு?"